சாட்சிக் கையெழுத்து

தபால் பை வந்து சேரும்வரை போஸ்ட்மாஸ்டர் ஜன்னலைத் திறக்கமாட்டார் என்பது ஞானசெல்விக்குத் தெரியாது. மேலச்சத்திரத்துத் தபாலாபீஸின் வெளிச்சுவரை ஒட்டி அவள் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். சந்தைக்கு வந்த வண்டிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. சீலை முந்தியில் முடிந்திருந்த ஒரு ரூபாயை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முழங்கைவரை செங்கல் தூள் ஏறிச் சிவந்திருந்த கைகளை வரும் வழியில் வாய்க்காலில் தேய்த்துக் கழுவியிருந்தாள். நகக்கண்ணில் இருந்த சிவப்பு மட்டும் போகவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஈட்டியில் கட்டிய சலங்கை குலுங்கத் தபால் ஓட்டக்காரன் பையைக் கொண்டுவந்து போட்டான். இன்னும் அரைமணி கழித்து ஜன்னல் திறந்தது. உள்ளே நல்லகண்ணுப் பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருந்தார்.

"யாருக்குக் கடுதாசி?"

"கடுதாசி இல்லீங்கய்யா. ரூபா போட வந்தேன்."

"மணியார்டரா? எந்த ஊருக்கு?"

"எந்த ஊருக்கும் இல்லய்யா. இங்கனயே போடணும். எம் பேருக்கே."

நல்லகண்ணுப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உனக்கு யாரு சொன்னா?"

"சுண்ணாம்புக் காளவாசல்ல கணக்கெழுதுறவக பேசிக்கிட்டிருந்தாக. நாலணா இருந்தாலே சர்க்கார் தபாலாபீஸ்ல வாங்கி வச்சுக்கிருவாக, கேட்டா திருப்பித் தருவாகன்னு."

"உங்கப்பனைக் கூட்டிட்டு வா."

"அப்பா மலையில காச்சல் கண்டு செத்துப் போயிட்டாக."

"ஆத்தா?"

"ஆத்தா செங்கல் அரைக்கிற ஆலையில இருக்காக. இங்கன வந்தா ஒரு நாள் கூலி போயிரும்."

வயதைக் கேட்டார். பதினாறு என்றாள். அவர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து விரலை ஓட்டிப் படித்தார். நெடுநேரம் படித்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு வியாபாரிகள் வந்து நின்றார்கள். அவள் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"நீயே சம்பாதிச்சு நீயே போடுறதால உம் பேருலயே எழுதலாம்" என்று கடைசியில் சொன்னார். "கையெழுத்தா, கீறலா?"

"எழுதுவேன்யா. எங்க ஊரு மாதா கோயில் பள்ளிக்கூடத்துல மூணு வருசம் படிச்சேன்."

பேனாவை அவள் கையில் கொடுக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தார். அவள் அதை எடுத்து, மையைத் தொட்டு, உதட்டை அசைத்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். ஞானசெல்வி. கடைசி எழுத்தின் சுழி கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

"தப்பாயிருச்சுய்யா."

"தப்பில்ல. ஆனா இனி எப்ப எழுதினாலும் இப்பிடியேதான் எழுதணும். பணம் எடுக்க வரும்போது இந்தக் கையெழுத்தையும் அந்தக் கையெழுத்தையும் ஒத்துப் பாப்போம். உம் மூஞ்சி முக்கியமில்ல, இதுதான் முக்கியம்."

பிறகு ஒரு சின்னப் புத்தகத்தில் அவள் பெயரையும் தேதியையும் எழுதி முத்திரை குத்தினார். 1892 என்ற எண் முத்திரையில் பாதி அழிந்து விழுந்தது. ஒவ்வொரு தடவை போடும்போதும் எழுதியிருக்கிறாரா, முத்திரை விழுந்திருக்கிறதா என்று அவளே பார்க்க வேண்டும் என்றார். புத்தகத்தை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. ஐந்து ரூபாய் சேர்ந்துவிட்டால் மாதம் காலணா வட்டி ஏறும்.

"நாங்க குடுக்கணுமாய்யா?"

"உனக்குச் சர்க்கார் குடுக்கும்."

அவள் தலையாட்டினாள். அவர் ஏதோ விளங்காமல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

*

மலைக்கு மேலே அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கு வேண்டிய செங்கல் தூளை அடிவாரத்து ஆலையில் அரைத்து மாட்டு வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். வட்டமாக வெட்டிய கல் பள்ளத்தில் ஆள் உயரக் கல்சக்கரம் ஓடும். அதை இரண்டு மாடுகள் இழுக்கும். சக்கரம் கடந்து போனதும், பள்ளத்தின் ஓரத்தில் ஒதுங்கிய செங்கல் துண்டுகளைப் பெண்கள் குனிந்து கையால் நடுவில் தள்ள வேண்டும். அடுத்த சுற்று வருவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். மண்வெட்டிகள் குறைவாக இருந்தன. அவற்றை ஆண்கள் வைத்திருந்தார்கள். பெண்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை அணா.

ஆட்களைக் கூட்டிவந்தவர் கர்ணன் மேஸ்திரி. சனிக்கிழமை சாயங்காலம் அவர்தான் கூலி கொடுப்பார். குடிசைகளுக்குக் கதவு கிடையாது, காசு திருடு போகும் என்று சொல்லி, வேண்டியவர்களின் பணத்தை அவரே வாங்கி வைத்துக்கொள்வார். ஞானசெல்வியின் ஆத்தா செபஸ்தியம்மாள் ஒரு வருஷம் அவரிடம் கொடுத்து வைத்தாள். கேட்டபோது அரிசிக்கும் கருவாட்டுக்கும் போக நாலணாதான் மிச்சம் என்றார். என்ன அரிசி, எத்தனை படி என்று கேட்க அவளுக்குத் தெரியவில்லை. ஞானசெல்வி தபாலாபீஸுக்கு நடந்ததற்கு அதுதான் காரணம்.

புத்தகத்தைக் கண்டதும் செபஸ்தியம்மாள் அதைப் பிடுங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"முழு ரூபாயக் குடுத்துட்டு இந்தக் காகிதத்தையா வாங்கிட்டு வந்த?"

"இதுல எழுதியிருக்கு ஆத்தா."

"எழுதியிருக்கிறத வச்சு உலை கொதிக்குமா?"

இருந்தாலும் அதை எறியவில்லை. செபமாலை வைத்திருந்த துணிப்பையில் அதையும் சேர்த்து வைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மழைக்காலம் வந்தால் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை உடம்பு தூக்கிப்போடும். அடுத்த நாள் எழுந்து ஆலைக்குப் போவாள். பதினெட்டு ரூபாய் சேர்த்தால் சினைப்பசு ஒன்று வாங்கலாம் என்றும், ஆத்தா ஊரிலேயே இருந்து பாலை விற்றுக்கொள்ளலாம் என்றும் ஞானசெல்வி கணக்குப் போட்டிருந்தாள். எந்த நிறத்துப் பசு என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. செபஸ்தியம்மாளுக்குக் கறுப்பான காரிப்பசு வேண்டும். காரிப்பசுவின் பால் கெட்டி என்பாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சந்தையன்று, எட்டணாவோடு நடந்தாள். போக நாலு மைல், வர நாலு மைல். அன்றைக்குக் கூலி கிடையாது என்பதால் சந்தையில் தலைச்சுமை தூக்கி ஓர் அணா தேற்றிக்கொள்வாள். சித்திரை மாதம் போனபோது நல்லகண்ணுப் பிள்ளை புத்தகத்தில் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, இதுல அரையணா கூட எழுதிட்டீக."

"அதுதான் வட்டி."

"நான் இந்த அரையணாவ எப்பக் கொண்டாந்தேன்?"

"நீ கொண்டுவரல. உம் பணம் எங்ககிட்ட இருந்துச்சில்ல, அதுக்கு."

"அதுக்கு நான் என்ன வேலை செய்யணும்?"

நல்லகண்ணுப் பிள்ளை சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. "ஒரு வேலையும் செய்ய வேண்டாம். போ."

அன்று திரும்பி நடக்கையில் ஓடைக்கரையில் உட்கார்ந்து அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். யாரும் ஏவாமல், முதுகு வளையாமல் வந்த காசு. அதை ஆத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னபோது செபஸ்தியம்மாள், "சர்க்காருக்கு ஏதோ கணக்குப் பிசகிருச்சு. வெளிய சொல்லாத, திருப்பிக் கேப்பாக" என்றாள்.

*

ஐப்பசியில் புத்தகத்தில் பதினாலு ரூபாயும் அரையணாவும் இருந்தன. நல்லகண்ணுப் பிள்ளையைத் திண்டுக்கல்லுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சந்தையில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வாரம் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. செங்கல் தூள் குழம்பாகிப் பள்ளத்தில் ஒட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இடி இடித்ததும் மாடுகள் மிரண்டு நாலடி வேகமாக ஓடின. ஞானசெல்வி கையை எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். சக்கரம் அவளுடைய வலது கையின் மேல் ஏறி இறங்கியது. முதலில் அவளுக்கு வலி தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் ஏன் கத்துகிறாள் என்று திரும்பிப் பார்த்தாள்.

அணைக்கட்டுக் கேம்ப் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரல்களையும் எடுத்தார்கள். மூன்று வாரம் அங்கே கிடந்தாள். சனிக்கிழமை கூலி வாங்கப் போன செபஸ்தியம்மாளிடம் கர்ணன் மேஸ்திரி மகளின் கூலியையும் எண்ணிக் கொடுத்தார். திங்கட்கிழமைக்கு முழுக்கூலி. செவ்வாய்க்கிழமை கை நசுங்கியது உச்சிப்பொழுதுக்கு முன்னால் என்பதால் அன்றைக்குக் கூலி இல்லை.

ஞானசெல்வி குடிசைக்குத் திரும்பியபோது ஆத்தா எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இந்தத் தடவை விட்டு விட்டு வரவில்லை. கண்கள் மஞ்சளாகிவிட்டன. வயிறு ஒரு பக்கம் வீங்கிக் கல்லாக இருந்தது. கேம்ப் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர், இது இங்கே தீராது, பெரியகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்றார். பெரியகுளம் நாற்பது மைல்.

அவள் அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி இடது கையின் ஆள்காட்டி விரலால் எழுதிப் பார்த்தாள். 'ஞா' விழவேயில்லை. அழித்து அழித்து எழுதினாள். நாலு நாள் அதையே செய்தாள். செபஸ்தியம்மாள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒங் கையெழுத்து மாதிரியே இருக்கே" என்றாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது.

*

புதிய போஸ்ட்மாஸ்டர் இளவயதுக்காரர். மேசையில் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தார். ஞானசெல்வி தாளில் இடது கையால் எழுதியதையும் பழைய பதிவில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசிச் சுழியை அவள் கோட்டுக்குக் கீழே இறக்கித்தான் எழுதியிருந்தாள்.

"ஒத்து வரலையே."

அவள் துணி சுற்றிய வலது கையை ஜன்னல் கட்டையில் தூக்கி வைத்தாள். அவர் இரண்டு தாள்களையும் கீழே வைத்தார்.

"ஆலையிலயா?"

"ஆமாய்யா. பழைய அய்யாவுக்கு என்னையத் தெரியும்."

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே. புஸ்தகத்தை யாரு வேணும்னாலும் எடுத்துட்டு வரலாம்." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "உன்னைச் சந்தேகப்படல. விதி அப்படி. கையெழுத்து மாறினா, இது இன்னார்தான்னு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் நீ கீறல் போட்டா போதும்."

கேம்புக்கு வாரம் ஒருமுறை வந்து செபம் சொல்லிவைக்கும் உபதேசியார் இஞ்ஞாசிமுத்துவை அவள் மறுநாள் அழைத்துவந்தாள். அவர் வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஞானோபதேசப் புத்தகத்தோடு வந்தார். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதிகூடத் தனக்குத் தெரியும் என்றார். போஸ்ட்மாஸ்டர் எழுந்து நின்று மரியாதையாகவே பேசினார். ஆனால் உபதேசியாரை இதற்கு முன் பார்த்ததில்லை என்றார். அவருக்கு இங்கே கணக்கு இல்லை, கடிதம் வருவதில்லை.

"கேம்பிலிருந்து யாரு இங்கன வாராக, உங்களுக்குத் தெரிஞ்சவுக?" என்று உபதேசியார் கேட்டார்.

"மேஸ்திரி கர்ணன் வாராவாரம் வருவார். அவர் போட்டாச் செல்லும்."

வெளியே வந்ததும் உபதேசியார், மாதா கோயில் பெரிய சாமியார் அடுத்த மாதம் வருவார், அவரிடம் கடிதம் வாங்கித் தருகிறேன் என்றார். ஞானசெல்வி அவருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு நேரே மேஸ்திரியின் கொட்டகைக்குப் போனாள்.

கர்ணன் மேஸ்திரி புகையிலையைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"எவ்வளவு இருக்கு?"

"பதினாலு ரூபா."

"ஏ ஆத்தா! எனக்குத் தெரியாம இவ்வளவு சேத்து வச்சிருக்கியா?" அவர் கோபப்படவில்லை. "வாரேன். ஒரு நாள் பொழப்பு கெட்டாலும் பரவாயில்ல, வாரேன்."

வந்தார். போஸ்ட்மாஸ்டர் நாற்காலி போட்டார். கர்ணன் மேஸ்திரி நெளிநெளியான எழுத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே ஞானசெல்வி இடது கையால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல் போட்டாள். 'ஞானசெல்வி கைக்கீறல்' என்று போஸ்ட்மாஸ்டர் பக்கத்தில் எழுதினார். வட்டி சேர்த்துப் பதினாலு ரூபாய் மூன்று அணா. கணக்கை முடித்துவிட்டதால் புத்தகத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். பணத்தை விதிப்படி அவள் கையிலேயே கொடுத்தார். ஒரே கையில் எல்லாவற்றையும் வாங்க முடியாமல் இரண்டு ரூபாய் கீழே உருண்டது. மேஸ்திரி குனிந்து எடுத்தார்.

அதை அவர் திருப்பித் தரவில்லை. வாசற்படிக்கு வெளியே மரத்தடியில் நின்று, "மிச்சத்தையும் குடு" என்று கையை நீட்டினார்.

"உங்கப்பன் வாங்கின முன்பணம் எட்டு ரூபா."

"அப்பா செத்த மாசமே கூலியில புடிச்சிட்டீகளே மேஸ்திரி."

"அது வட்டிக்குப் புடிச்சது. முதல் அப்படியே நிக்குது. நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப உங்காத்தா தின்ன அரிசி ரெண்டு ரூபா. இன்னைக்கு எனக்குப் பொழப்பு கெட்டதுக்கு ஒரு ரூபா." எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "மூணு ரூபா மூணு அணா. உங்காத்தாளுக்குச் செலவுக்கு ஆகும். முழுசையும் எடுக்க எனக்கு மனசு வரல."

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். போஸ்ட்மாஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு கடிதக்கட்டு ஒன்றைப் பிரித்து ஊர்வாரியாக அடுக்க ஆரம்பித்தார்.

*

மலைக்கு அரிசி ஏற்றிவந்த வண்டிகள் வெற்றாகப் பெரியகுளத்துக்குத் திரும்பும். சின்னச்சாமி என்ற வண்டிக்காரனிடம் பேசினாள். இரண்டு பேருக்குப் பெரியகுளம் வரை நாலு ரூபாய் என்றான். மூன்று ரூபாய்க்கு வீரபாண்டி வரைதான்.

"நீ போறது பெரியகுளத்துக்குத்தானண்ணே?"

"வண்டி என்னுதில்ல ஆத்தா. மொதலாளியோட கணக்குப்பிள்ள பெரியகுளத்து எல்லையில நிப்பாரு. வண்டியில எத்தன தலையோ அத்தனைக்கும் எங்கிட்டக் காச வாங்கிருவாரு. எனக்கு மாசம் அஞ்சு ரூபா சம்பளம். நான் என்ன செய்ய?"

அவனே தன் பங்குக்கு வைக்கோலை உதறி மெத்தையாகப் பரப்பினான். செபஸ்தியம்மாளை அவனே தூக்கிப் படுக்க வைத்தான். வழியெல்லாம் அவளுக்குத் தண்ணீர் கேட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்தான். சின்னமனூர் தாண்டியதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை மட்டும், "பசு வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.

"வாங்கியாச்சு ஆத்தா. காரிப்பசு."

செபஸ்தியம்மாள் தலையை அசைத்தாள்.

மறுநாள் உச்சிவேளைக்கு வீரபாண்டி ஆற்றங்கரையில் வண்டி நின்றது. பெரியகுளத்துக்கு இன்னும் பதினாலு மைல் இருந்தது. சின்னச்சாமி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினான். ஞானசெல்வி பக்கம் பார்க்காமல் செபஸ்தியம்மாளை இறக்கிக் கரையோர மரத்து நிழலில் கிடத்தினான்.

"மூணணா இருக்குண்ணே. இதையும் வாங்கிக்கிரு."

"மூணணாவுக்கு அவரு விடமாட்டாரு ஆத்தா."

"ஆத்தாள மட்டும் கொண்டு போ. நான் பின்னாலயே ஓடி வாரேன்."

"நீ குடுத்த மூணு ரூபா இங்கன வரைக்கும்தான். அங்க ஒரு தலைக்கு ரெண்டு ரூபா." அவன் நுகக்கயிற்றை இழுத்துக் கட்டினான். "எம் மேல குத்தம் சொல்லாத. எனக்கும் வீட்டுல நாலு உசுரு."

ஞானசெல்வி ஆற்றில் இறங்கி இடது கையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தாள். கரை ஏறுவதற்குள் பாதி ஒழுகிவிட்டது. மிச்சத்தை ஆத்தாவின் உதட்டில் விட்டாள். அது உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது. ஆத்தாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். வெட்டுப்பட்ட கையால் அணைத்துப் பிடிக்க முடியவில்லை. உடம்பு நழுவி மறுபடி மண்ணில் சாய்ந்தது.

சின்னச்சாமி மாடுகளை முடுக்கினான். வெற்று வண்டி ஆட்டமாக ஆடிக்கொண்டு மேட்டில் ஏறி, பெரியகுளத்துச் சாலையில் திரும்பியது. பின்பக்கம் திறந்து கிடந்தது. பரப்பிய வைக்கோலின் நடுவே, ஓர் ஆள் படுத்திருந்த பள்ளம் வெகுதூரம் வரை தெரிந்தது.